மைக் சட்டைக்குள்ளதானே கிடக்கு! – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நடிப்பைப் பற்றி எதையும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: மேடையில் பழகியவர்கள் கமராவுக்கு முன்னால் எப்படி நிற்பது, அதில் ஒரு வாழ்க்கையை எப்படி அமைப்பது. அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே விட்டுவிட்டேன். பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கொண்டாவிலில் இருந்து 25 வயது வாசகர்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தேன். கூத்து, வீதி நாடகம், சிறுவர் நாடகம் எல்லாம் செய்திருக்கிறேன். போன மாதம் ஒரு குறும்படத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் ஷொட் முடிந்ததும் இயக்குநர், "அண்ணா, நாடகம் மாதிரி இருக்கு. சும்மா இருங்கோ, ஒண்டும் செய்யாதேங்கோ" என்றார். சும்மா இருந்தேன். பிறகு போட்டுப் பார்த்தால் முகத்தில் உயிரே இல்லை. நாலு வருஷம் படித்ததை நான் மறக்கவேண்டுமா?

தம்பி, ஒன்றையும் மறக்கவேண்டாம். உமக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யுத்தத்தில் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்த அடுத்த வருஷம், 2003. கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த தகப்பனாக நடிக்கக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வருஷம் மேடையைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது. நான் நாடகம் பழகிய காலம் 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, அந்த டைனமோவில் ரேடியோ கேட்ட வருஷங்கள் அவை. எங்களுக்குப் பெற்றோல்மக்ஸ் வெளிச்சம், பள்ளிக்கூட மைதானம், மைக் கிடையாது. ஒத்திகையில் எங்கள் மாஸ்டர் மைதானத்தின் கடைசி மதிலோடு போய் நிற்பார். வசனம் கேட்காவிட்டால் கையை உயர்த்துவார். அந்தக் கை உயராமல் இருக்கவேண்டும், அதுதான் எங்களுடைய பயிற்சி. நாடகத்தன்று அந்த மதிலடியில் பாயில் இருக்கிற கிழவிக்கும் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் மனிசி விடாது, "கேக்கேல்லையடா மோனை" என்று அங்கிருந்தே சொல்லும்.

அந்தக் குரலோடுதான் கொழும்புக்குப் போனேன். சட்டைக்குள் ஒரு சின்ன மைக்கை ஒட்டினார்கள். முதல் வசனத்தை நான் மதிலடிக்கு அனுப்பினேன். ஒலிப்பதிவு செய்தவர் நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த ஒரு ஐயா. மெதுவாக எழும்பி வந்து, "தம்பி, நீர் ஏன் கத்துறீர்? மைக் உம்மட சட்டைக்குள்ளதானே கிடக்கு" என்றார். அடுத்த ஷொட்டில் குரலைக் குறைத்தேன். ஆனால் மகனுடைய உடலைக் கண்டதும் கை தானாக நெஞ்சில் அறைந்துவிட்டது. மைக் இருந்த அதே இடம். அந்த ஐயா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் ஏசவில்லை. பக்கத்தில் வந்திருந்து, "நெஞ்சில அடிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. அடிக்கப் போற கை நடுவில நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காச் செய்து பாரும்" என்றார். செய்தேன். அந்த ஷொட்தான் நாடகத்தில் வந்தது.

இப்ப உம்முடைய விஷயத்துக்கு வருவோம். "ஒன்றும் செய்யாதே" என்று இயக்குநர் சொன்னதன் அர்த்தம், நான் உமக்குப் பக்கத்தில் நிற்கிறேன், எனக்கு மட்டும் சொல்லும் என்பதுதான். அவருக்கு அதை அப்படிச் சொல்லத் தெரியவில்லை. நீரும் அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததையும் நிற்பாட்டிவிட்டீர். ஒரு வீட்டில் இரவு பதினொரு மணிக்குப் புருஷன் பெண்சாதிக்குச் சண்டை வருகிறது, பக்கத்து அறையில் பிள்ளை நித்திரை. அவர்கள் கத்தமாட்டார்கள், குரல் குசினிக்கு வெளியே போகாது. ஆனால் கோபம் ஒரு சொட்டும் குறைந்திருக்காது, சொல்லப்போனால் கூடத்தான் இருக்கும். கமராவுக்கு முன்னால் நடிப்பது அப்படி. மேடையில் மதில் வரைக்கும் அனுப்பிய அதே கோபத்தை மூன்றடிக்குள் வைத்துக்கொள்ளவேண்டும். கோபத்தைக் குறைத்தால் உமக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஒவ்வொரு ஷொட்டுக்கு முன்னும் கமராவில் நிற்பவரிடம், எதுவரைக்கும் தெரிகிறது என்று கேளும். முழு உருவமா, இடுப்பு வரையா, முகம் மட்டுமா? கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. முழு உருவம் என்றால் உமக்கு மேடையில் பழக்கமான அளவில் பாதிதான் குறையும், உடம்பால் பேசலாம். குளோசப் என்றால் கண் ஒரு இடத்தில் நிற்கவேண்டும், மேடையில் கடைசி வரிசை, முதல் வரிசை என்று சுழன்ற கண் அங்கே பதற்றமாகத் தெரியும்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. ஒரே காட்சியைத் தூரத்தில் இருந்தும் கிட்ட இருந்தும் நாலைந்து தரம் எடுப்பார்கள். தேத்தண்ணிக் கோப்பையை எந்தச் சொல்லில் தூக்கினீரோ, எந்தக் கையால் தூக்கினீரோ, ஐந்தாவது தரமும் அதே சொல்லில் அதே கையால் தூக்கவேண்டும். இல்லாவிட்டால் வெட்டி ஒட்டுகிறவர் தலையில் கை வைப்பார். மேடையில் அசைவுகளை வரையறுத்து முப்பது நாள் ஒத்திகை பார்த்தவனுக்கு இது கைவந்த வேலை. ஒத்திகையே இல்லாமல் வந்த அழகான பையன்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது கேட்கத் தெரிவது. மேடையில் மற்றவன் பேசும்போது நாங்கள் எங்கேயும் ஓட முடியாது, சனம் பார்த்துக்கொண்டிருக்கும், நின்று கேட்டே ஆகவேண்டும். பத்து நிமிஷம் ஒரு வசனமும் இல்லாமல் மேடையில் உயிரோடு நின்று பழகியிருக்கிறோம். சினிமாவில் பேசுகிறவனைவிடக் கேட்கிறவனுடைய முகத்தைத்தான் கமரா பல நேரம் தேடும். அதை நீர் நாலு வருஷம் படித்திருக்கிறீர், எதற்கு மறப்பது? இன்றைக்கே ஒரு காரியம் செய்யும். கைத்தொலைபேசியைக் கதிரை ஒன்றில் மூன்றடி தள்ளி வையும். சிநேகிதன் ஒருவனை இரண்டு நிமிஷம் ஏதாவது உண்மையான கவலையைச் சொல்லச் சொல்லும். நீர் கேட்டால் மட்டும் போதும், தலையாட்டவும் வேண்டாம், முகத்தில் ஒன்றும் காட்டவும் வேண்டாம். பிறகு போட்டுப் பாரும்.

உடுவில் வாசகி: மேடையில் எனக்கு அழுகை வரும். கமராவுக்கு முன்னால் வருவதில்லை. கிளிசரின் போடச் சொல்கிறார்கள். அது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை தங்கச்சி. ஒரே காட்சியில் காலை எட்டு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் அழவேண்டி வந்தால் கண்ணீர் வற்றிவிடும், அதற்குக் கிளிசரின் ஒரு உதவி, அவ்வளவுதான். ஆனால் கண்ணீரைப் பற்றி ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்கள்?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 80களின் தொடக்கத்தில், கோயில் வீதியில் நடிகமணி வி.வி. வைரமுத்துவின் மயான காண்டம் பார்த்தேன். அம்மாவின் மடியில் பாதி நித்திரை. இறந்த பிள்ளையைச் சந்திரமதி சுடலைக்குக் கொண்டுவருகிறாள். காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் இல்லாமல் எரிக்க விடமாட்டேன் என்று காவலுக்கு நிற்பவன் சொல்கிறான். அவன் அவளுடைய புருஷன், அது அவனுடைய பிள்ளை. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடிக்கொண்டு நிற்கிறார். அவர் அழுதாரா என்று எனக்கு ஞாபகமில்லை. சுற்றியிருந்த சனம் அழுதது ஞாபகம் இருக்கிறது, அம்மாவின் கை என் தலையை அழுத்திப் பிடித்ததும் ஞாபகம் இருக்கிறது. கடமையைச் செய்யவேண்டியவன் அழாமல் நிற்கப் பாடுபடுகிறான், அதைப் பார்க்கிறவன் அழுகிறான். கமராவிலும் அதுவேதான். அழ முயற்சி செய்யாதீர்கள். அழக்கூடாது என்று பிடிவாதமாக நில்லுங்கள். கூடவே கைக்கு ஒரு வேலை கொடுங்கள், உடுப்பு மடிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, ஏதோ ஒன்று. அந்த வேலை எங்கே தடைப்படுகிறதோ அங்கே கண்ணீர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

நல்லூரில் இருந்து உயர்தர மாணவி: எங்கள் மேடையில் இருந்து சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் போனவர்கள் இருக்கிறார்களா? வகுப்பில் இந்தக் கேள்வி வந்தபோது எல்லோரும் இந்தியப் பெயர்களைத்தான் சொன்னோம்.

பிள்ளை, நல்ல கேள்வி. ஒரு நேர்கோட்டுப் பாதை எங்களுக்கு இருந்ததில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள். சென்னையில் நாடகக் கம்பனியில் இருந்து சினிமாவுக்குப் போவது பெரிய றோட்டு மாதிரி இருந்தது. எங்களுக்கு ஒழுங்கைகள்தான். அதுவும் இடையிடையே அடைபட்ட ஒழுங்கைகள்.

மேடை எங்களிடம் பெரிதாகவே இருந்தது. சென்னை நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் இங்கே நவீன மேடைக்கு ஒழுங்குமுறையையும் மரியாதையையும் கொண்டுவந்தார். காங்கேசன்துறையில் வைரமுத்துவின் வசந்த கான சபா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் 60களில் கூத்தைச் சுருக்கி, படித்தவர்களின் மேடைக்கு ஏற்றினார், அதில் ஆடி வளர்ந்தவர்தான் மௌனகுரு. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். நடிகனுக்கு உடம்பாலும் குரலாலும் முறையாகப் பயிற்சி வேண்டும் என்பதை எங்கள் ஊரில் நிலைநாட்டியது அந்த இடம். நாங்கள் இன்று களப்பயிற்சி, அரங்க விளையாட்டு என்று சாதாரணமாகச் சொல்கிற பல சொற்களுக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. திருமறைக் கலாமன்றம் 1965இல் இருந்து, மரியசேவியர் அடிகளாரின் கையில், எத்தனையோ நூறு பேரை மேடையேற்றியது. பாசையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கம் விடிய விடியத் தென்மோடிக் கூத்து ஆடிய சம்மாட்டிமாரும் (படகுச் சொந்தக்காரர்கள்) மீன்பிடித் தொழிலாளிகளும் இருந்தார்கள், அவர்களுடைய குரலை நான் வேறெங்கும் கேட்கவில்லை.

மேடைக்கும் திரைக்கும் நடுவில் எங்களுக்கு வானொலி இருந்தது. இலங்கை வானொலியில் நாடகத் தயாரிப்பாளர் சானா சண்முகநாதன் காலத்தில் இருந்தே நாடகம் என்றால் சனம் வேலையை விட்டுவிட்டுக் கேட்கும். அங்கே ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' 1976இல் 'கோமாளிகள்' என்று படமானது, வானொலியில் கேட்டுப் பழகிய குரல்களுக்குச் சனம் முதல்முறையாக முகம் பார்த்தது. அடுத்த வருஷம் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்திலேயே 'பொன்மணி' எடுத்தார். 1978இல் செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமாக வந்தது. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது, சரி, இனி நடிகருக்கு வேலை வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1983க்குப் பிறகு என்ன நடந்தது என்று உன்னுடைய அம்மா அப்பாவிடம் கேள். படம் எடுப்பது ஏறக்குறைய நின்றுபோனது. மேடை மட்டும் நிற்கவில்லை, 1985இல் 'மண் சுமந்த மேனியர்' வந்தது, அதை ஊரூராகப் பார்த்த சனம் இன்றைக்கும் அதைப்பற்றிக் கதைக்கிறது.

பிறகு புலம்பெயர்ந்த பாதை. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய பிரெஞ்சுப் படம் 'தீபன்'. அதில் கதாநாயகனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. அவரோடு நடித்த காளீஸ்வரி சென்னை நாடக மேடையில் இருந்து வந்தவர். அந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நிற்கிற இடங்களைக் கவனி, மேலே கொண்டாவில் தம்பிக்கு எழுதியது விளங்கும்.

இந்தியப் பெயர்களைச் சொன்னது பிழையில்லை. ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் இருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டே நடிகர்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தவர். குரு சோமசுந்தரத்தைச் சனத்துக்கு நன்றாகத் தெரிந்தது 'ஜோக்கர்' வந்த 2016க்குப் பிறகுதான், அதற்கு முன் எத்தனையோ வருஷம் அவர் மேடையில் கிடந்திருக்கிறார். அவர்களைச் சொல், ஆனால் எங்களுடையவர்களையும் சேர்த்துச் சொல். வகுப்பில் யாரும் கேட்காவிட்டாலும் சொல்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு தாய்: மகள் தமிழ்த்தினப் போட்டியில் தனி நடிப்பில் மாகாண மட்டம் வரைக்கும் போனாள். இப்போது படிப்பை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். என்ன சொல்வது?

அக்கா, படிப்பையும் நடிப்பையும் இரண்டாகப் பிரிக்கத் தேவையில்லை. நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாகவே இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். படித்தால் ஆசிரியர் வேலைக்கும் வழி இருக்கிறது, எங்கள் ஊரில் நல்ல நடிகர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூட ஆசிரியர்கள்தான், மாதச் சம்பளம் வருவதால்தான் பிடித்த நாடகத்தில் நடிக்க முடிகிறது. போட்டிக்குத் தனி நடிப்புச் செய்து வென்ற பிள்ளை என்பதால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தனியாக நின்று பாராட்டு வாங்கிப் பழகிய பிள்ளைக்கு மற்றவர்களோடு சேர்ந்து நடிப்பது கஷ்டமாக இருக்கும். ஏதாவது ஒரு நாடகக் குழுவில் வசனமே இல்லாத சின்னப் பாத்திரத்தில் ஒரு வருஷம் விட்டுப் பாருங்கள். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் மறிக்காதீர்கள்.

கிளிநொச்சி வாசகர்: ஒரு யூரியூப் தொடரில் பன்னிரண்டு நாள் நடித்தேன். பேசிய காசு வரவில்லை. கேட்டால், உனக்கு முகம் தெரிய வைத்தோமே என்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் நடந்திருக்கிறது. கொழும்பில் ஒரு தயாரிப்பில் ஒன்பது நாள் நடித்தேன். கடைசி நாள் பின்னேரம் கணக்குப் பார்க்கிறவரைக் காணவில்லை, கையில் பஸ் காசு மட்டும் வந்தது. யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது வீட்டுக்கு ஒரு இறாத்தல் பாண் வாங்கத்தான் மிச்சம் இருந்தது. வீட்டில் பொய் சொன்னேன், காசு பிறகு வரும் என்று. வரவில்லை.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. உங்களுக்கு வட்ஸ்அப் இருக்கிறது. நடிக்கப் போக முன் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: இத்தனை நாள், நாளுக்கு இவ்வளவு, எந்தத் திகதியில் தருவீர்கள், போக்குவரத்தும் சாப்பாடும் தங்குமிடமும் யாருடைய செலவு, டப்பிங்குக்குத் தனியாக உண்டா. அவர்கள் "ஓம்" என்று பதில் போடும்வரைக்கும் பையைக் கட்டாதீர்கள். மேடையில் நாங்கள் காசைப் பற்றிப் பேசிப் பழகவில்லை, ஊர்த் திருவிழாவுக்கு நேர்த்திக்கடனாக ஆடியவர்கள், காசு கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து வளர்ந்துவிட்டோம். அந்தக் கூச்சத்தைத்தான் இவர்கள் பாவிக்கிறார்கள். மாணவர்கள் தங்களுடைய படிப்புக்காக எடுக்கிற குறும்படத்தில் காசில்லாமல் நடிப்பது வேறு, அதை நான் இன்றும் செய்கிறேன், ஆனால் அது தொடங்க முன்னமே இரண்டு பக்கமும் தெரிந்து சம்மதித்தது.

இனி அந்தப் பன்னிரண்டு நாளுக்கு: தேதிகளையும் ஆரம்பத்தில் பேசிய தொகையையும் எழுதி, கூட நடித்தவர்களில் காசு வராத மற்றவர்களையும் சேர்த்து, ஒன்றாக ஒரு கடிதம் கொடுங்கள். தனியாகக் கேட்டால் ஒதுக்குவார்கள். ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் கதைக்க வருவார்கள். குறைந்தபட்சம் நீங்கள் நடித்த காட்சிகளை வெட்டி எடுத்துப் பாவிக்கிற உரிமையையாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள், அடுத்த வாய்ப்புக்குக் காட்ட உதவும்.

வல்வெட்டித்துறை வாசகி, 27 வயது: ஏழு வருஷமாக மேடையில் இருக்கிறேன். பலாலியில் இருந்து இப்போது சென்னைக்குப் பறக்கலாம். போய் முயற்சி செய்யவா? என்னுடைய யாழ்ப்பாணத் தமிழை மாற்றவேண்டுமா?

தங்கச்சி, பறப்பது ஒரு மணித்தியாலத்துச் சொச்சம்தான், ஆனால் இறங்கிய பிறகு எவ்வளவு நாள் நிற்க முடியும் என்பதை யோசித்துக்கொண்டு போங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க முடியாது, அது சட்டம். யாராவது, அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள், பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான், அவர்கள் இல்லை. முதல் பயணத்தைப் பார்க்கிற பயணமாக வையுங்கள்: நாடகங்கள் பாருங்கள், நடிப்புப் பட்டறைகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள், துணை இயக்குநர்களைச் சந்தித்து உங்கள் காட்சிகளைக் கொடுங்கள். பாத்திரம் தருகிறேன், இவ்வளவு கட்டு என்று கேட்கிறவனிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், நடிகருக்குத்தான் காசு வரவேண்டும், நடிகரிடம் இருந்து போகக்கூடாது. இரவில் ஹோட்டல் அறைக்கு வந்து நடித்துக் காட்டு என்றால் அந்த நம்பரை அழித்துவிடுங்கள். போகிற இடத்துக்கெல்லாம் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு வேலை செய்யத் தேவையில்லை.

பேச்சைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். மாற்றாதீர்கள், கூட்டிக்கொள்ளுங்கள். கமல்ஹாசன் 2000இல் 'தெனாலி'க்காக எங்கள் பேச்சைப் படித்தார். 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தபோதும் தமிழ்நாட்டு நடிகர்கள்தான் எங்கள் பேச்சைப் படித்துப் பேசினார்கள். எங்கள் வீட்டுக் கதைகளுக்கு அங்கே இடம் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறேன், அதே நேரம் "வாங்கோ", "இருங்கோ" என்று எல்லாச் சொல்லிலும் 'கோ' போட்டால் யாழ்ப்பாணத் தமிழ் என்று நினைக்கிறபோது மனம் வலிக்கிறது. எங்கள் பேச்சு 'கோ'வில் இல்லை, அது ஏறி இறங்குகிற இடத்தில் இருக்கிறது. வடமராட்சிக்காரர் கோபத்தில் பேசுவதும் தீவுப்பகுதிக்காரர் கோபத்தில் பேசுவதும் ஒன்றில்லை, உங்களுக்கு அது தெரியும், அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதுதான் உங்கள் கையில் இருக்கிற மூலதனம். சென்னைப் பேச்சையும் மதுரைப் பேச்சையும் ஒரு பாத்திரத்துக்குப் பாடம் பண்ணுவது மாதிரிப் பாடம் பண்ணுங்கள், மேடையில் அரசியாகவும் கிழவியாகவும் பேசின உங்களுக்கு அது ஏலாத காரியமில்லை. ஆனால் குரலை வேறொருவரைக் கொண்டு டப்பிங் செய்வோம் என்றால், ஒருதரமாவது நானே பேசிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். நடிப்பில் பாதி குரல். அதைக் கொடுத்துவிட்டால் திரையில் இருப்பது உங்களுடைய பாதிதான்.

அப்புறம், தொலைக்காட்சித் தொடரில் இடம் கிடைத்தால் ஒரு நாளில் பல காட்சிகள் எடுப்பார்கள், பின்னால் ஒருவர் நின்று வசனம் சொல்லிக் கொடுப்பார். அந்தப் பழக்கத்துக்குள் விழாதீர்கள். முதல்நாள் இரவே பிரதியைக் கேட்டு வாங்கிப் பாடமாக்குங்கள். வசனத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறவருக்கு எதிரில் நிற்கிறவர் சொல்வது கேட்காது.

காரைநகரில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை, 60 வயது: கம்பஸ் காலத்தில், 80களில், நாடகம் நடித்தேன். பிறகு கலியாணம், பிள்ளைகள், இடப்பெயர்வு. மேடை விட்டுப்போனது. இப்போது பெறாமகன் ஒரு குறும்படம் எடுக்கிறான், அம்மம்மா பாத்திரத்துக்கு என்னைக் கேட்கிறான். நாற்பது வருஷத்துக்குப் பிறகு முடியுமா? சின்ன எழுத்து வாசிக்கக் கண்ணாடி வேண்டும், வசனம் பாடமாக வருமா என்றும் பயமாக இருக்கிறது.

ரீச்சர், கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கட்டாயம் போங்கள்.

வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதையும் உங்கள் கையால் இன்னொரு தரம் எழுதுங்கள், எழுதினால் பாடமாகும், இது நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கழற்றாதீர்கள், அம்மம்மாவுக்குக் கண்ணாடி இருக்கட்டும். வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடியை மூக்கில் சற்றுக் கீழே இறக்கிப் போடுங்கள், சரியாகிவிடும். தலைக்கு மை பூசவேண்டாம். படப்பிடிப்பு பத்து நிமிஷம் நடக்கும், ஒரு மணித்தியாலம் காத்திருக்கவேண்டி வரும், முதுகுக்குச் சாய்ந்திருக்க நல்ல கதிரை ஒன்றும் சுடுதண்ணிப் போத்தலும் கொண்டுபோங்கள்.

பெறாமகன் சின்னப் பெடியன் என்பதால் உங்களிடம் திருத்தம் சொல்லக் கூச்சப்படுவான். முதல் நாளே அவனைக் கூப்பிட்டு, "இங்க நான் பெரியம்மா இல்லை, உன்ர நடிகை, பிழையெண்டால் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள். படம் முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.